உச்ச நேரம்

ஆறரைக்கு எங்கள் வீடு
மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

சுவரில் சவர்க்காரக் கட்டியளவு வெள்ளைப் பெட்டி.
அது கிணற்று மோட்டரை மறிக்கும்,
உடுப்புத் தோய்க்கும் மெசினின் வாயை மூடும்,
பிரிட்ஜைக்கூட
நாற்பது நிமிசத்துக்கு ஒருக்கால்தான் இரும விடும்.
பத்தரை மட்டும் மின்சார சபை
கரண்டை விளைமீன் விலைக்கு விற்கிறது.
அதற்குப் பிறகு சூடை மீன் விலை.

நான் சீனக்குடாவில் லொறி நிறுக்கிறவன்.
மா மூட்டையோடு ஒருமுறை,
வெறுமையாய் ஒருமுறை,
இடையில் உள்ளதை எழுதிக் கையெழுத்து வைக்கிறவன்.
வீட்டையும் அப்படித்தான் நிறுத்தேன்.
ரைஸ் குக்கர் இவ்வளவு, அயன்பெட்டி இவ்வளவு,
சும்மா செருகிக் கிடந்த சார்ஜர்
ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்றபடியே இவ்வளவு.

"என்னையும் ஏத்தி நிறுக்கேல்லையோ?"
சுகிர்தா சிரித்தாள்.
அவளுக்கு ஆஸ்பத்திரியில் அட்டவணை ஏற்கெனவே இருக்கிறது,
காலை, பின்னேரம், இரவு என்று
மூன்று நிறப் பேனையால் போட்டது.
அதை என் பெட்டிக்கு எப்படிச் சொல்வதென்று
எனக்குத் தெரியவில்லை.

பத்தரைக்கு வீடு எழும்பும்.
மோட்டர் முதலில்.
தாங்கி நிரம்பி, மிதவை தட்டி, அது நின்றால்தான் மெசின்.
இரண்டும் ஒன்றாய் ஓடினால் பிரேக்கர் விழும் என்பதை
ஒரு ஞாயிறு இருட்டில் படித்துக்கொண்டேன்.
நாலரைக்கு அரிசி.
பாயில் கிடந்து ஒவ்வொரு சத்தமாய் எண்ணுவேன்.
நித்திரை கெட்டாலும் லாபத்தில் கெட்டது.

மதிலுக்கு அப்பால் நஸ்மியா கேட்டா,
"நடுச்சாமத்தில உங்கட வீட்டில ஆர் தோய்க்கிறது?"
"ஒருத்தருமில்லை" என்றேன், உண்மையைத்தான்.
அன்றிலிருந்து அவ ஓதிவிட்டுத்தான் படுக்கிறாவாம்.

விலை கூடின அந்த நாலு மணித்தியாலம்
எங்களுக்கு ஒரு குமிழ்.
கோட்டைப் பக்கத்து மான்கள் ஒழுங்கைக்கு வந்து
வாழைப்பழத் தோல் தேடும்.
சிமெந்தில் குளம்பு படுவது
குசினிவரை கேட்கும்.

மாசியில்தான் அது நடந்தது.
அடுத்த நாள் போனில் கோட்டுப்படத்தைப் பார்க்கிறேன்:
தட்டையாய்க் கிடந்த மாலையில்
ஏழு பன்னிரண்டுக்கு ஒரு மேடு.
மெசின். சுடுதண்ணி. அறுபது பாகை.
பெட்டி சிவப்பில் கேட்டிருக்கிறது:
உச்ச நேரம். உறுதியா?
ஓம்.
நாற்பது நிமிசத்தில் இன்னொரு தரம்:
உறுதியா?
ஓம்.

கேட்டேன். லொறிக்காரனைக் கேட்கிற அதே குரலில்.
அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.
"யூனிபோம்" என்றாள்.
"பத்தரை மட்டும் அதைக் கூடைக்குள்ள போட்டு வைக்க ஏலாது."
பிறகு வெங்காயத்திடம் சொல்வதுபோல,
"தாய் தப்பிவிட்டா."
மற்றதை நான் கேட்கவில்லை.

பெட்டிக்கு முன் நின்று ஒரு விதி எழுதப் பார்த்தேன்:
பின்னேரக் கடமை முடிந்து வந்தால்,
செருப்பைக் கழற்றாமல் நேரே உள்ளே போனால்,
பேரைச் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாவிட்டால்.
நேரம் கேட்டது பெட்டி. வாட் கேட்டது.
வேறொன்றும் அதற்கு விளங்காது.
கடைசியில் அந்த 'உறுதியா'வை மட்டும் கழற்றிவிட்டேன்.
இப்போது அழுத்தினால் ஓடும்.

பில்லில் அந்த மேடு
எண்பது ரூபாய்க்குள்தான் வரும். திரும்பத் திரும்ப
கணக்குப் பார்த்தேன்,
எனக்கு வேறு எதுவும் பார்க்கத் தெரியாது.

நேற்று ஏழு மணிக்கு வந்தாள்.
மெசினைத் தாண்டிப் போனாள்.
யூனிபோமைச் சுருட்டிக் கூடைக்குள் எறிந்துவிட்டு
பணிஸ் இருக்கிறதா என்று கேட்டாள்.
பத்தரைக்கு மோட்டர் ஓடி நின்றது,
மெசின் தானாய்த் தொடங்கியது,
அவள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.
நல்ல நாள் என்று
இப்படித்தான் இப்போது தெரிந்துகொள்கிறேன்.

வெளியில் ஒரு மான்
எந்த அட்டவணையிலும் இல்லாத நேரத்தில்
வாளியைத் தட்டி விழுத்தியது.